ஆன்லைன்ல வாங்குன ரேடியோ, அரண்மனைப் பக்கம் பாய் கடை, கூடவே இந்த மாடுலேஷன் விசயம்

இது ஒரு ரேடியோவுக்கும் ஒரு ரிப்பேர் கடைக்கும் சேத்து எழுதுற ரிவ்யூ. ரெண்டையும் பிரிச்சு எழுதிப் பாத்தேன், சரியா வரல, ஏன்னா கடை இல்லன்னா அந்த ரேடியோவ நான் திருப்பி அனுப்பியிருப்பேன், ரேடியோ இல்லன்னா அந்தக் கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

நான் பாம்பன். ஆட்டோ விளம்பரத்துக்குக் குரல் குடுக்குறதுதான் தொழில். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, சர்ச் திருவிழா, கோயில் கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம், காணாமப் போன ஆடு வரைக்கும் பேசிருக்கேன். ராமநாதபுரம், மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் ஆட்டோவுல "அன்பார்ந்த பொதுமக்களே"ன்னு ஒரு குரல் போச்சுன்னா அது நானா இருக்க வாய்ப்பு இருக்கு. அதனால மாடுலேஷன்ங்கிற வார்த்தைய நான் பதினஞ்சு வருசமா கேட்டுட்டு இருக்கேன், "தம்பி இன்னுங் கொஞ்சம் மாடுலேஷன் குடுங்க"ன்னு கடைக்காரங்க எல்லாருமே சொல்வாங்க, என்ன வேணும்னு கேட்டா "அதான், அந்த ஏத்த எறக்கம்"னு கைய மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டுவாங்க. அதுக்காக ஆன்லைன்ல 1500 ரூவா கட்டி ஒரு வாய்ஸ் கிளாஸ் கூட சேந்தேன், சத்தமாப் பேசு மெதுவாப் பேசுங்கிறதத் தாண்டி ஒண்ணும் வரல. உண்மையிலயே மாடுலேஷன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது இந்த ரேடியோ வாங்குன பிற்பாடுதான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ரேடியோ அப்பாவுக்காக வாங்குனது. அப்பாவுக்கு 68 வயசு, முப்பத்தஞ்சு வருசம் போட் டிரைவர், எஞ்சின் சத்தத்துலயே இருந்து காது பாதி போச்சு. டிவி பாக்க மாட்டார், போன்ல பாட்டு போட்டுக் குடுத்தா "கீச்சு கீச்சுன்னு இருக்கு, நிப்பாட்டு"ங்கிறார். அவர் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பழைய டிரான்சிஸ்டர் மாதிரி ஒண்ணு வேணும், அதுல சிலோன் கேக்கணும், தூத்துக்குடி கேக்கணும். கடையில இப்ப கிடைக்கிற செட்டு எல்லாம் எஃப்எம் மட்டும்தான், பென்டிரைவ் போடலாம், கலர் லைட்டு எரியும், ஏஎம்முன்னு கேட்டா நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க. அதனால ஆன்லைன்ல தேடி ஏஎம், எஃப்எம், ஷார்ட்வேவ் மூணும் இருக்குற ஒரு டிஜிட்டல் செட்டு, 2350 ரூவாய்க்கு வாங்குனேன். கம்பெனி பேரு எழுதல, இதே மாதிரி செட்டு நாலஞ்சு பேர்ல வருது, உள்ள இருக்குறது ஏறக்குறைய ஒண்ணுதான்.

வந்த அன்னைக்கு எஃப்எம் போட்டேன், பாம்பன்ல எங்க ஊரு கடல் ஓசை 90.4 கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. மீனவருக்குன்னே நடக்குற சமுதாய வானொலி, அது பக்கத்துலயே இருக்குறதால அதுல கேக்குறது பெரிய சோதனை இல்ல. அடுத்து ஏஎம் போட்டேன். போச்சு. தூத்துக்குடி 1053, சின்ன வயசுல இருந்து மனப்பாடமான நம்பர், 200 கிலோவாட் நிலையம், எங்க கடற்கரையில அது கேக்காம இருக்கவே கூடாது. ஆனா செட்டுல 1050 வருது, அடுத்து அமுக்குனா 1060. 1053 வரவே இல்ல. 1050ல வச்சா யாரோ வாயில துணிய அடைச்சுட்டுப் பேசுற மாதிரி கரகரன்னு ஒரு சத்தம். அப்பா ரெண்டு நிமிசம் காதுல வச்சுட்டு ஒண்ணும் பேசாம திருப்பிக் குடுத்துட்டார். எனக்கு மனசு விட்டுப் போச்சு. விக்கிறவங்களுக்கு மெசேஜ் போட்டா "பேட்டரி மாத்திப் பாருங்க"ன்னு பதில் வருது.

அப்பதான் எங்க தெரு கீபோர்டு வாசிக்கிற மச்சான் ஒருத்தன் (ஆர்கெஸ்ட்ராவுல இருக்கான்) ராமநாதபுரத்துல அரண்மனைப் பக்கத்துச் சந்துல ஒரு பாய் கடை இருக்கு, பழைய ஆம்ப்ளிஃபயர், ரேடியோ எல்லாம் பாப்பார், அங்க கொண்டு போன்னான். கடைக்கு போர்டுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆறடிக்கு எட்டடி இருக்கும், செவுரு முழுக்க பழைய மர்ஃபி, பிலிப்ஸ் கூடு, நடுவுல சால்டரிங் புகை, ஒரு ஸ்டூல். பாய்க்கு எழுபது வயசு இருக்கும். செட்ட வாங்கி ஏஎம்ல ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு "தம்பி, இதுக்கு ஒண்ணும் ஆகல, இது அமெரிக்கா கணக்குல நிக்குது"ன்னார்.

விசயம் இதுதான், ஆன்லைன்ல செட்டு வாங்குற எல்லாருக்கும் இது உதவும். அமெரிக்காவுல ஏஎம் நிலையங்களுக்கு நடுவுல 10 கிலோஹெர்ட்ஸ் (ஒரு கிலோஹெர்ட்ஸ்னா நொடிக்கு ஆயிரம் துடிப்பு) இடைவெளி. நம்ம நாட்டுல 9. அதனாலதான் நம்ம நம்பரெல்லாம் 720, 936, 1053, 1197ன்னு வரும். செட்டு 10ல நின்னா 1053ல போய் உக்காரவே முடியாது, மூணு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்னு கேக்கும், அதான் அந்தத் துணி அடைச்ச குரல். பாய் செட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு பட்டன நாலஞ்சு செகண்டு அமுக்கிப் பிடிச்சார், திரையில 9ன்னு வந்துச்சு, அவ்வளவுதான். 1053. தூத்துக்குடி, கணீர்னு. காசு எவ்வளவுன்னு கேட்டேன், "பட்டன அமுக்குனதுக்குக் காசா"ன்னுட்டார்.

நான் அப்படியே வந்திருந்தா ரிவ்யூ இங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா நான் சும்மா இருக்காம "பாய், நானும் மாடுலேஷன் தொழில்லதான் இருக்கேன், ஏஎம்னா ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன்ங்கிறாங்களே, அதுல வர்ற எம்மும் நான் பேசுறப்ப சொல்ற மாடுலேஷனும் ஒண்ணா"ன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதிலுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, நடுவுல ரெண்டு டீ.

பாய் மொதல்ல ஒரு கேள்வி கேட்டார். "ஒங்க குரல அப்படியே ஏரியல்ல ஏத்தி அனுப்ப முடியாதா, எதுக்கு நடுவுல இன்னொரு அலை?" நான் முழிச்சேன். அவர் சொன்ன கணக்கு இதுதான். நம்ம குரல் நொடிக்கு ஆயிரம் துடிப்புன்னு வச்சுக்குவோம், அந்த வேகத்துல ஒரு ரேடியோ அலை போனா ஒரு அலையோட நீளம் 300 கிலோமீட்டர். ஏரியல் ஒழுங்கா வேலை செய்யணும்னா அதுல கால்வாசியாவது நீளம் வேணும், அப்ப 75 கிலோமீட்டர். அதாவது ராமநாதபுரத்துல இருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் கம்பி இழுக்கணும். அதுவே 90.4 மெகாஹெர்ட்ஸ்னா, நொடிக்கு 9 கோடியே 4 லட்சம் துடிப்பு, அலை நீளம் மூணேகால் மீட்டர் சொச்சம், கால்வாசி 83 சென்டிமீட்டர், ரேடியோ மேல நிக்கிற கம்பியே போதும். அதனால வேகமான ஒரு அலைய எடுத்துக்கிட்டு அது மேல குரல ஏத்தி அனுப்புறாங்க. பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்துல இதுக்கு ஊர்தி அலைன்னு போட்டிருக்கும், மாடுலேஷனுக்குப் பண்பேற்றம். படிக்கிறப்ப பண்-பேற்றம்னு பிரிச்சுப் படிச்சு எதோ பாட்டு சம்பந்தமான வார்த்தைன்னு நெனச்சுட்டு இருந்தேன். பண்பு, ஏற்றம். ஒண்ணோட பண்ப இன்னொண்ணு மேல ஏத்துறது. இங்கிலீஷ விட தமிழ்ப் பேரு தெளிவா இருக்குன்னு எனக்குத் தோணுது.

வள்ளம் மீன ஏத்திட்டு வர்ற மாதிரின்னு அப்பாகிட்ட சொன்னேன், அவர் உடனே புரிஞ்சுக்கிட்டார், அதுக்கு மேல அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. காலையில வெள்ளன, நிலையம் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி 1053ல வச்சுட்டு இருந்தா மொதல்ல புஸ்ஸுன்னு இரைச்சலா இருக்கும், திடீர்னு அந்த இரைச்சல் அடங்கும், ஆனா ஒரு சத்தமும் வராது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஆகாசவாணி முகப்பு இசை வரும். அந்த நடு அமைதிய அப்பா கடல்ல எத்தனையோ விடியல்ல கேட்டிருக்கார். "ஆளு வந்துட்டான், இன்னும் பேசலன்னு அர்த்தம்"னார். பாய்கிட்ட இதச் சொன்னப்ப கையில இருந்த சால்டரிங் அயர்ன கீழ வச்சுட்டார். அதுதான் வெறும் ஊர்தி அலை, கேரியர் வந்தாச்சு, மாடுலேஷன் இன்னும் வரல. முழு பவரும், 200 கிலோவாட்டும் அதுல போய்ட்டு இருக்கும், ஆனா நமக்குச் செய்தி ஒண்ணும் கிடையாது. ஏன்னா மாறாத ஒண்ணுல சேதி இல்ல. மாறுனாத்தான் சேதி. இந்த ஒரு விசயத்துக்காகவே அந்த 2350 ரூவா எனக்கு செரிச்சுப் போச்சு, அந்த 1500 ரூவா கிளாஸ்ல யாருமே இதச் சொல்லல.

சரி, எதை மாத்துறது? ஏஎம்ல அலையோட உயரத்த மாத்துறாங்க. எஃப்எம்ல உயரம் அப்படியே இருக்கும், எவ்வளவு நெருக்கமா வருதுங்கிறத மாத்துறாங்க. கடல்ல சொன்னா, ஒரே சீரான இடைவெளியில வர்ற அலை ஒண்ணு பெருசா ஒண்ணு சிறுசா வந்தா அது ஏஎம், எல்லா அலையும் ஒரே உயரம் ஆனா சில நேரம் அடுத்தடுத்து மோதுது சில நேரம் விட்டு விட்டு வருதுன்னா எஃப்எம். நான் முதல்ல என்ன நெனச்சேன்னா ஏஎம்ல குரலோட சத்தம் போகுது, எஃப்எம்ல குரலோட சுருதி போகுதுன்னு. நெறைய பேர் அப்படித்தான் நெனைப்பாங்க. அது அப்படி இல்ல. ரெண்டுலயுமே ரெண்டும் போகுது. எஃப்எம்ல நான் சத்தமாப் பேசுனா அலை தன் இடத்துல இருந்து அதிக தூரம் விலகும், 75 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடலாம். நான் மேல் சுருதியில பேசுனா அந்த ஆட்டம் வேகமா இருக்கும். எவ்வளவு தூரம்ங்கிறது சத்தம், எவ்வளவு வேகம்ங்கிறது சுருதி.

ஏன் எஃப்எம் சுத்தமா கேக்குதுங்கிறதுக்கும் பாய் ஒரு சாட்சி சொன்னார், எனக்கும் ஞாபகம் இருந்துச்சு. பழைய தூர்தர்ஷன் காலத்துல (ராமேஸ்வரத்துல 323 மீட்டர் டவர் நிக்குதே, அது அந்தக் காலம்) மின்னல் அடிச்சா படத்துல கோடு கோடா புள்ளி புள்ளியா வரும், ஆனா சத்தம் கெடாது. ஏன்னா அந்தப் பழைய டிவியில படம் வந்தது ஏஎம்ல, சத்தம் வந்தது எஃப்எம்ல. மின்னலு, மோட்டாரு, மிக்ஸி எல்லாம் அலையோட உயரத்தத்தான் போய் ஆட்டும். எஃப்எம் செட்டு உயரத்துல வர்ற மாத்தத்த அப்படியே செதுக்கித் தள்ளிரும், அதுக்கு வேண்டியது உயரம் இல்லையே. ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்கக்காரர் 1933ல இதுக்கு பேட்டன்ட் வாங்குனார்.

அப்ப ஏஎம் எதுக்கு? இங்கதான் எங்க கடற்கரை வருது. ஏஎம் நிலையங்க அனுப்புற மீடியம் வேவ் அலை தரைய ஒட்டியே போகும், உப்புத் தண்ணி மேல போறப்ப அது ரொம்ப தூரம் தேயாம போகும். தூத்துக்குடி ஆகட்டும் கொழும்பு ஆகட்டும் எங்களுக்கு நடுவுல பெரும்பாலும் கடல்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுலயே 30 கிலோமீட்டர் கூட இல்ல. 1925ல ஆரம்பிச்ச இலங்கை வானொலி எங்க ஆளுங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் எல்லாரும் அப்பாவுக்கு வீட்டு ஆளுங்க. கே.எஸ். ராஜா கடகடன்னு குதிரை ஓட்டுற மாதிரி பேசுவார்னு அப்பா இன்னமும் பேசிக் காட்டுவார், அப்துல் ஹமீத் மாதிரி ழகரம் சொல்லணும்னு என்னைத் திட்டுவார். ராத்திரி ஆச்சுன்னா இன்னொரு விசேசம், பகல்ல வானத்துல மீடியம் வேவ விழுங்குற ஒரு அடுக்கு இருக்கு, வெயில் போனதும் அது கலஞ்சுரும், அலை அதுக்கு மேல போய் முட்டித் திரும்பி வரும். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல இந்த செட்டுல சென்னை 720 எனக்கு வந்துச்சு, கூடவே தெரியாத பாசை நாலஞ்சு.

எஃப்எம்முக்கு இன்னொரு குணம் இருக்கு, அத பாம்பன்லயும் மண்டபத்துலயும் இருக்குறவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. காத்து செத்துப் போய் கடல் தட்டையாக் கிடக்குற நாள்ல இலங்கை எஃப்எம் திடீர்னு உள்ள வந்துரும். ஒரு நம்பர்ல நம்ம நிலையம் பாடிட்டு இருக்கும், அப்படியே வெட்டுன மாதிரி சிங்களப் பாட்டு, மறுபடி நம்ம பாட்டு. ரெண்டும் கலந்து கேக்காது. எது பலமோ அது மட்டும்தான், மத்தது மொத்தமா அமுங்கிப் போகும். ஏஎம்ல அப்படி இல்ல, ரெண்டு பேரும் சேந்து கேக்கும், நடுவுல விசில் வேற. இது சும்மா வேடிக்கை இல்ல. போட்டுல வச்சிருக்குற விஎச்எஃப் செட்டு, அவசரத்துக்குக் கூப்புடுற 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், அது எஃப்எம் வகைதான். ரெண்டு போட்டு ஒரே நேரத்துல கூப்பிட்டா பக்கத்துல இருக்குறவன் குரல்தான் கேக்கும், தூரத்துல தத்தளிக்கிறவன் குரல் காணாமப் போகும். அதனாலதான் பேசிட்டு பட்டன விடணும், விட்டுட்டுக் காது குடுக்கணும்னு அப்பா எல்லாப் பையங்களுக்கும் சொல்வார், காரணம் அவருக்குத் தெரியாது, பழக்கத்துல தெரியும். விமானங்க பேசிக்கிற விஎச்எஃப் இன்னைக்கும் ஏஎம்லதான் இருக்கு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுனா குழப்பமாவாவது கேக்கும், யாரோ ஒருத்தன் மறைஞ்சு போக மாட்டான். உச்சிப்புளி கடற்படைத் தளத்துல இருந்து எங்க தலைக்கு மேல ஹெலிகாப்டர் போறப்பெல்லாம் எனக்கு இப்ப இதான் ஞாபகம் வருது.

இனி என் தொழில் பக்கம். பாய் ஒரு வார்த்தை சொன்னார், ஓவர் மாடுலேஷன். ஏஎம்ல குரல் அளவு நூறு சதம் வரைக்கும் போகலாம், அதாவது அலையோட உயரம் பூஜ்யம் வரைக்கும் எறங்கி ரெண்டு மடங்கு வரைக்கும் ஏறலாம். நூறத் தாண்டுனா பூஜ்யத்துக்குக் கீழ எறங்க இடம் இல்ல, அலை வெட்டுப்படும், குரல் கிழியும், பக்கத்து நிலையத்துலயும் போய் சிதறும். ஆட்டோ விளம்பரத்துல நாங்க எல்லாரும் பண்றது இதான். மைக்க வாய்க்குள்ள வச்சுட்டு, ஆம்ப்ளிஃபயர முழுசாத் திருகி, மொதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒரே உச்சத்துல. குழாய்ல வர்றப்ப அத்தனையும் கிழிஞ்சு போய்த்தான் வருது. அது மட்டும் இல்ல, எல்லாமே உச்சத்துல இருந்தா மாத்தம் எங்க இருக்கு? அது அப்பா சொன்ன பேசாத ஆளு மாதிரிதான், பவர் இருக்கு, சேதி இல்ல. கடையில இருந்து வந்த பிறகு ஒரு கண் முகாம் விளம்பரம் பேசுனேன், முழு சத்தத்துல பாதியில ஆரம்பிச்சு, தேதியையும் எடத்தையும் மட்டும் நிதானமா மேல ஏத்தி, "இலவசம்"ங்கிற வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுப் பேசுனேன். மண்டபத்துல டீக்கடையில நின்னவங்க தேதிய சரியாத் திருப்பிச் சொன்னாங்க, எனக்கு அது போதும். புயல் எச்சரிக்கை படிக்கிறவங்கள கவனிச்சிருக்கீங்களா, பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்கன்னு சொல்றப்ப அவங்க குரல் உயராது, வேகம்தான் குறையும். அதுவும் மாடுலேஷன்தான், அதுலதான் எங்க வயித்துல புளியக் கரைக்கும்.

வீட்டுக்கு வந்து இதப் பத்தி நெறைய படிச்சேன். அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்துல ஹோமர் டட்லின்னு ஒருத்தர் 1940லயே எழுதிருக்கார், நம்ம பேச்சே ஒரு ரேடியோதான்னு. தொண்டையில குரல்நாண் துடிக்கிறது ஊர்தி அலை, வாயும் நாக்கும் ஒதடும் அத மாத்துறது மாடுலேஷன். இத இப்பவே செஞ்சு பாருங்க, "ஆ"ன்னு ஒரே சுருதியில இழுங்க, சத்தத்தையும் மாத்தாதீங்க, வாய மட்டும் அசைங்க. ஆ ஈ ஊ ஓ எல்லாம் வரும். குரல்நாண் ஒரே மாதிரிதான் துடிக்குது, சேதி வாயில இருந்து வருது. இன்னொண்ணு, குசுகுசுன்னு பேசுங்க, அப்ப குரல்நாண் துடிக்கவே இல்ல, வெறும் காத்து இரைச்சல்தான் ஊர்தி, ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் புரியுது.

பாட்டு விசயத்துல கீபோர்டு மச்சானுக்கு வேற மாடுலேஷன். அவன் கீபோர்டுல இடது பக்கம் மாடுலேஷன்னே பேர் போட்ட ஒரு சக்கரம் இருக்கு, தள்ளுனா சுரம் லேசா நடுங்கும். அது சுருதி மேலயும் கீழயும் ஆடுற ஆட்டம், அதாவது நிதானமான ஒரு எஃப்எம். ஜான் சௌனிங்னு ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு இசைக்காரர் 1967ல அந்த நடுக்கத்த வேகமா வேகமா ஆக்கிட்டே போனார், ஒரு கட்டத்துக்கு மேல நடுக்கமாவே கேக்கல, புதுசா ஒரு வாத்தியம் மாதிரி மணி மாதிரி கேட்டுச்சு, அத வச்சுத்தான் யமஹாக்காரங்க 1983ல டிஎக்ஸ்7 கீபோர்டு விட்டாங்க. மேளக்காரங்க இதுக்கெல்லாம் முன்னாடியே நாதஸ்வரத்துல மூச்ச வச்சே சுரத்த அசைச்சு கமகம் குடுக்குறாங்க. ஆர்மோனியத்துல அது வராது, கட்டைய அமுக்குனா ஒரே சுரம்தான், ரெண்டு சுரத்துக்கு நடுவுல வழுக்கிப் போக முடியாது. இந்தக் காரணத்தச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940ல இருந்து 1971 வரைக்கும் ஆர்மோனியத்த ஒதுக்கி வச்சிருந்துச்சு. முப்பது வருசம்! அது சரியா தப்பான்னு எனக்கும் மச்சானுக்கும் சண்டை. ஆர்மோனியம் வச்சுத்தான எங்க ஊரு நாடகமெல்லாம் நடந்துச்சு, பாடுறவங்க கமகத்த குரல்ல குடுத்துக்கிட்டாங்க, வாத்தியத்தத் தடை பண்ணது அநியாயம்னுதான் நான் சொல்வேன்.

இன்னொரு அர்த்தமும் இருக்கு, பாட்டு நடுவுல ஆதார சுருதிய மாத்துறது, அதையும் மாடுலேஷன்னுதான் சொல்வாங்க. மச்சான் காட்டுனான், கீபோர்டுல கருப்புக் கட்டை அஞ்ச மட்டும் வாசிக்கணும். ஒரு கட்டைய ஸான்னு வச்சா மோகன ராகம். அதே அஞ்சு கட்டை, ஒரு விரலும் மாத்தல, அடுத்த கட்டைய ஸான்னு மனசுல வச்சா மத்யமாவதி, அதுக்கடுத்தது இந்தோளம், அப்புறம் சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. இதுக்குப் பேரு கிரக பேதம். சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் ஏழு பேருக்கு ஏழு சுரத்தோட பேர வச்சு வட்டமா நிக்க வைக்கிறாங்கல்ல, அந்த வட்டத்துலயும் இந்தக் கணக்குதான். பண்ணுப் பெயர்த்தல்னு பழைய பேரு. இங்க மட்டும் கொஞ்சம் கவனமா இருக்கணும், ரேடியோவுல ஒண்ணு மேல இன்னொண்ணு ஏறுது, இதுல எதுவும் எது மேலயும் ஏறல, நிக்கிற எடம்தான் மாறுது. பேரு ஒண்ணு, வேலை வேற. ஆனா மாத்தம்தான் சேதிங்கிறது இங்கயும் பொருந்துது, கேக்குறப்ப உடம்பு சிலுக்குது.

சரி ரேடியோ. ஒரு மாசம் ஓட்டுன பிறகு சொல்றேன்.

ஏஎம் நல்லாருக்கு, 9ல மாத்துன பிறகு. உள்ள ஏஎம் அலையப் பிடிக்கிற ஃபெரைட் கம்பி படுக்கையா இருக்கு, ரேடியோவோட அகலப் பக்கம் நிலையத்தப் பாத்து இருக்கணும், முனை அந்தத் திசையில இருந்தா சத்தம் செத்துரும். அப்பா இத ரெண்டே நாள்ல புடிச்சுக்கிட்டார், வாசல்ல உக்காந்து காந்தம் பாக்குற மாதிரி திருப்பித் திருப்பி வைக்கிறார். இரைச்சல் வர்ற பக்கம் முனைய வச்சா இரைச்சலும் செத்துரும், அதுவும் அதே சூட்சுமம். எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் பக்கத்துல வைக்காதீங்க, ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வைங்க. சார்ஜ் போட்டுக்கிட்டே ஏஎம் கேக்கவே முடியாது, ஒரே ஙொய்ங்னு சத்தம். இது பெரிய குறை.

குரல் அவருக்குத் தெளிவா இருக்கு. ஏஎம்ல நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல அவ்வளவா வராது, எஃப்எம்ல 15 வரைக்கும் வரும். எங்களுக்கு எஃப்எம் இனிக்குது, அப்பாவுக்கு அந்த மேல் சத்தமெல்லாம் கீச்சுன்னு குத்துது, ஏஎம் இதமா இருக்காம். பேச்சு புரியிறதுக்கு நாலு கிலோஹெர்ட்ஸே தாராளம்னு பாய் சொன்னார், பழைய லேண்ட்லைன் அதுக்கும் கம்மியாத்தான் குடுத்துச்சு.

குறை இன்னும் ரெண்டு. நிலையம் லேசா மங்குனா செட்டு தானா சத்தத்தக் குறைச்சிருது, இரைச்சல் கேக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, ஆனா தூரத்து நிலையத்த இரைச்சலுக்குள்ள காது குடுத்துத் தேடுற ஆளுக்கு அது எரிச்சல். பழைய முள் செட்டுல அந்தத் தொல்லை கிடையாது. அடுத்தது, முக்கால்வாசிக்கு மேல சத்தம் வச்சா ஸ்பீக்கர் அதிருது. ஷார்ட்வேவ் பத்தி சொல்ல அதிகம் இல்ல, தமிழ்ல கேட்டுட்டு இருந்த பிபிசி தமிழோசையும் 2017ல வானொலிய நிப்பாட்டிருச்சு, அதுக்காக யாரும் இத வாங்க வேணாம். பேட்டரி ஒரு சார்ஜுக்கு அப்பா கேக்குற அளவுக்கு அஞ்சு நாள் வருது. அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஆனா போறவங்களுக்கு சில விசயம். பாய் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு செட்டுதான் பாப்பார், கொடுத்துட்டு வந்தா ஒரு வாரம்னு சொல்லி மூணு வாரம் ஆகும். பில்லு கிடையாது. இன்னொரு தடவை அப்பாவோட பழைய டிரான்சிஸ்டர கொண்டு போனேன், பேண்ட் சுவிட்ச்சு துருப்பிடிச்சு இருந்துச்சு, கழட்டிச் சுத்தம் பண்ணி ஒரு கன்டென்சர் மாத்தி 150 ரூவாதான் வாங்குனார். முடியாதுன்னா முகத்துக்கு நேரா முடியாதுன்னுருவார், பொருள் கிடைக்கிற வரைக்கும் இழுத்தடிக்க மாட்டார். பக்கத்துல உக்காந்து பாக்கலாம், கேள்வி கேக்கலாம், கேக்குறவங்கள அவருக்குப் புடிக்கும். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும், தொழுகை முடிஞ்சு மூணு மணிக்கு மேல போங்க. கரெண்டு இல்லாத நேரமாப் பாத்துப் போனீங்கன்னா இன்னும் நல்லது, சால்டரிங் ஓடாது, பேசிட்டே இருப்பார்.